என் வேட்டியும் உன் முதல் பரிசும்

மகனுக்கு,

இங்கே நான் நலம். கடிதத்தில் எல்லோரும் சும்மா எழுதுகிற வரிதான், ஆனால் இந்தத் தடவை நான் அதை அழுத்தி எழுத வேண்டியிருக்கிறது. உயிரோடு இருக்கிறேன். காலையில் பல் விளக்குகிறேன், கருப்பட்டி மண்டிக்குப் போகிறேன், மத்தியானம் வந்து சோறு சாப்பிடுகிறேன். ஏரல் பஜாரிலும் தூத்துக்குடி கடைத்தெருவிலும் பாதிப் பேர் நான் போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி நினைக்க வைத்தவன் நீ. இந்தக் கடிதத்தை உன் மெட்ராஸ் விலாசத்துக்குத் தனியாக அனுப்பப்போவதில்லை. நீ எடுத்த படத்தைப் போட்ட பத்திரிகைக்கே அனுப்புகிறேன். படத்தை ஊரே பார்த்தது, பதிலையும் ஊரே படிக்கட்டும். அவர்கள் போடாமல் விட்டால் ஒரு நகல் எடுத்து வைத்திருக்கிறேன், அது உன் ஆபீஸ் மேனேஜருக்குப் போகும்.

போன வாரம் உன் கடிதம் வந்தது. வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள், பெரிய மனிதர்கள் கைகுலுக்கினார்கள் என்று எழுதியிருந்தாய். உன் சிநேகிதன் காரில் இராமேஸ்வரத்திலிருந்து கன்னியாகுமரி வரை கடற்கரையோரமாகவே வந்து, வழியெல்லாம் முகங்களாக எடுக்கப்போகிறாயாம். அப்படியே வீட்டிலும் இறங்கி, அம்மாவை ‘அதே காதோடு, வேறு வெளிச்சத்தில்’ இன்னொரு தடவை எடுத்துப் பம்பாய்ப் போட்டிக்கு அனுப்பப்போகிறாயாம். தங்கை வள்ளி கல்யாணத்தைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டு அரை வரிகூட இல்லை. உன் கணக்கில் நான்தான் இல்லையே, பிறகு யாரைக் கேட்பாய்?

படத்தைப் பார்க்காதவர்கள் இதைப் படிக்கலாம், அவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைத் துணியை முக்காடாகப் போட்ட ஒரு பெண் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் பாதி இருட்டு. காது மட்டும் வெளிச்சத்தில் இருக்கிறது. தோள் வரை தொங்குகிற வெறும் காது, அதன் பெரிய துவாரத்துக்குள் புகுந்து சாயங்கால வெயில் கழுத்தில் விழுகிறது. கீழே ‘கைம்பெண், முதல் பரிசு பெற்ற படம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் காதில் ஒரு துயரக் கதையே தொங்குகிறது என்று நடுவர் ஒருவர் வேறு உருகியிருக்கிறார். அந்தப் பெண் உன்னைப் பெற்றவள். அவளுடைய புருஷன் நான். நம் வகையில் கல்யாணமான பெண் காதில் பாம்படம் போட்டால், புருஷன் பிணம் வாசலைத் தாண்டுகிற அன்றைக்குத்தான் அதைக் கழற்றுவார்கள். பவுன் கனத்தில் இழுபட்டுத் தொங்கிய காது அதன் பிறகு வெறுமனே ஆடும். மூளிக்காது என்பார்கள். படத்துக்குக் கீழே நீ ஒரு எழுத்தும் போடாமல் இருந்திருந்தாலும் எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் அர்த்தம் புரிந்திருக்கும். உனக்கும் அது தெரியும். தெரிந்துதான் செய்தாய், அதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் வந்தவள் ஏரலில் இருக்கிற உன் அத்தை. அவளுக்கு எழுத்து தெரியாது. பக்கத்துக் கடைக்காரர் பத்திரிகையைக் காட்டி, ‘உங்க மயினி படம் வந்திருக்கு, கீழே இப்படிப் போட்டிருக்கு’ என்று படித்துச் சொல்லியிருக்கிறார். தந்தி வரவில்லையே, ஆள் வரவில்லையே என்று யோசிக்கிற தங்கையா அவள்? கட்டின சேலையோடு பஸ் ஏறிவிட்டாள். நான் வாயில் பற்பொடியோடு கிணற்றடியில் நிற்கிறேன், தெருமுனையில் மாரில் அடித்துக்கொண்டு ஒரு குரல். “என்னப் பெத்த அண்ணாச்சி, எங்கள விட்டுட்டுப் போயிட்டியளே!” தெருவில் கதவெல்லாம் திறக்கிறது. யார் வீட்டில் என்னவோ என்று நானும் எட்டிப் பார்க்கிறேன். அவள் என்னைப் பார்த்தாள். அழுகை அப்படியே நின்றது. “ஏ, இருக்கியளா?” என்றாள். பிறகு கையில் சுருட்டி வைத்திருந்த பத்திரிகையால் என் தோளில் ஓங்கி ஒரு அடி. “அப்ப இது என்னது? இது என்னதுங்கேன்?” செத்த அண்ணன் உயிரோடு நின்றால் தங்கைக்குச் சந்தோஷம் வர வேண்டும். அவளுக்கு அவமானம்தான் வந்தது, எனக்கும் அதே. தெருவே பார்த்துச் சிரித்தது.

பத்திரிகையை வாங்கி விரித்துப் பார்த்தேன். முகத்தைக் கண்டுபிடிக்கும் முன்னால் முக்காட்டைக் கண்டுபிடித்தேன். நெற்றிக்கு மேலே மடிப்பில் வண்ணான் குறி தெரிகிறது, இரண்டு புள்ளியும் ஒரு கோடும். அது என் வேட்டி. கரையை உள்ளே மடித்து என் வேட்டியையே என் பெண்டாட்டிக்கு முக்காடாகப் போட்டிருக்கிறாய். உருகிய அந்த நடுவருக்கு இந்தப் புள்ளிகள் தெரியவில்லை போல. உன் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “பிள்ள கேட்டான், கழத்துனேன். பொன்னு வெயில்ல வெள்ளையாத் தெறிக்குதாம், பிலிமுல மொகம் விழாதாம். தாலிய உள்ள தள்ளிக்கிடுங்கம்மா, அதுவும் தெறிக்குன்னான். நான் என்னத்தக் கண்டேன்? மொகத்த எடுக்கான்னுதான் நெனச்சேன்.” நான் மண்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து மொட்டை மாடியில் வைத்து எடுத்திருக்கிறாய். உன்னிடம் கேட்கிறேன், பொன் தெறிக்கிறது என்று சொன்னாயே, அது தொழில் விஷயமா, இல்லை பெற்ற தாயிடம் சொன்ன பச்சைப் பொய்யா? பஜாரில் இருக்கிற ஸ்டூடியோக்காரரிடம் போய் விசாரித்தேன். பாம்படம் போட்டவர்களைத்தான் அவர் தினமும் எடுக்கிறாராம். கொஞ்சம் திரும்பி உட்காரச் சொன்னால் தெறிக்காதாம்.

இது உன் பழைய புத்தி. கொழும்பிலிருந்து உன் மாமா அந்தக் காமிராவைக் கொண்டுவந்த நாளிலிருந்து பார்க்கிறேன். மனிதர்களை அவர்கள் இருக்கிறபடி உனக்குப் பிடிக்காது. சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் காரின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அப்போது உன் வக்கீல் சிநேகிதன் காரில் என்னையும் அம்மாவையும் பெரியதாழைக்குக் கூட்டிப்போனாய். நானும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். தேரி மணலில் வண்டி திணறி நின்றது. அடுப்பு அணைந்துபோயிருந்தது. உன் சிநேகிதன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். கடைசியில் நான்தான் கரியை அள்ளிப் போட்டு, உன் அம்மா கொண்டுவந்த பனையோலை விசிறியால் விசிறி நெருப்பை மூட்டினேன். முகம், கை, மேல்துண்டு எல்லாம் கரி. நீ ஒரு கை கொடுத்தாயா? மணல்மேட்டில் ஏறி நின்று என்னைப் படம் எடுத்தாய். அது ‘கரித் தொழிலாளி’ என்ற பேரில் திருநெல்வேலிப் போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியது. அன்றைக்கு நான் சிரித்தேன், உன் அம்மாவும் சிரித்தாள். அடுத்த வேஷம் அவளுக்கு வரும் என்று அவளுக்குத் தெரியாது.

அதே நாள் பெரியதாழைக் கடற்கரையில் நடந்ததும் எனக்கு மறக்கவில்லை. கரைவலை இழுக்கிறவர்கள் அப்போதுதான் இழுத்து முடித்து, மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேகம் இப்போதுதான் நன்றாக இருக்கிறது, இன்னொரு தடவை இழுங்கள் என்றாய். பெரியவர் ஒருவர், கழுத்தில் சிலுவை போட்டவர், உன்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏலே தம்பி, வலையில ஒண்ணும் இல்லலே. எதைய இழுக்க?” என்றார். வெறும் வலைதான், படத்தில் தெரியாது என்றாய். அவரும் பாவம், ஒரு பிரதி தருவாய் என்ற ஆசையில் ஆட்களைக் கூப்பிட்டு வெறும் வலையை இழுக்க வைத்தார். அந்தப் படத்துக்கும் பரிசு வந்தது. பிரதி போகவில்லை. அந்தப் பெரியவர் கருவாடு விற்கத் தூத்துக்குடி வரும்போதெல்லாம் நம் மண்டியில் எட்டிப் பார்ப்பார். “படம் வந்துட்டா அண்ணாச்சி?” என்பார். வரும், வரும் என்று நான் வெட்கம் கெட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சங்கு குளிக்கிறவனுக்கும் இதே கதை. முங்கி எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனை, முகத்தில் தண்ணீர் வழிய வேண்டும் என்று மறுபடியும் முங்க வைத்தாய். உன் படங்கள் மெட்ராஸ் பார்த்துவிட்டன, கல்கத்தா பார்த்துவிட்டன. படத்தில் இருக்கிறவர்களில் ஒருத்தர் அதைப் பார்த்ததுண்டா? உன் அம்மாகூடத் தன் முகத்தைப் பத்திரிகையில்தான் பார்த்தாள்.

இதெல்லாம் பழைய கோபம். இனிச் சொல்வதை நன்றாகக் கேள். அத்தை வந்து போன மறு வாரம் மாப்பிள்ளை வீட்டுப் பெரியப்பா ஏரலிலிருந்து வந்தார். கன்னிகாதானம் செய்து கொடுக்கப் பெண்ணின் அப்பா இல்லையே, யார் நிற்கப்போகிறார்கள் என்று பேசிக்கொள்ள வந்தவர். கதவைத் திறந்தவன் நான். உட்கார வைத்து, காப்பி கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். போட்டோவுக்காகப் பையன் செய்த கூத்து என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு இழுத்து இழுத்துச் சொன்னார். “தப்பா எடுத்துக்கிடாதிய. நீங்க இருக்கிய, கண்ணால பாக்கோம், சந்தோஷம். ஆனா புருசன் இருக்கையிலயே கழத்துன காதுல்லா அது? ஊரு பூராப் பாத்திருக்கு. மணையில அவுக நிக்கண்டாம். தண்ணி ஊத்த உங்க தங்கச்சியும் மச்சானும் நிக்கட்டும்.” உன் அம்மா அடுக்களையில் இருந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் விழுந்தது, நீ பரிசு வாங்கிய அதே காதில். வள்ளி பிறந்ததிலிருந்து அந்தக் கையைத் தாரை வார்த்துக் கொடுக்கிற நாளை நினைத்துக்கொண்டிருந்தவள் அவள். தண்ணீர் ஊற்றுகிற செம்பைக்கூடப் பரணிலிருந்து எடுத்துப் புளிபோட்டு விளக்கி வைத்திருந்தாள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. நான் எழுந்திருக்கும் முன்னால் உன் தங்கை உள்ளேயிருந்து வந்துவிட்டாள். பெரியப்பாவுக்கு முன்னால் வரக் கூடாத பெண், வந்து நின்று பேசினாள். “எங்கம்மா நிக்காத மணையில நான் உக்கார மாட்டேன். வேணும்னா எங்கண்ணன் எடுத்த அந்தப் படத்துக்கே உங்க பிள்ளையத் தாலி கட்டச் சொல்லுங்க.” பெரியப்பா மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கல்யாணம் நின்றதா, நடக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. உனக்கு எழுதவில்லை. எழுதினால் நீ வந்து, வள்ளி அழுகிற முகத்தை ஜன்னலோரம் உட்கார வைத்துப் படம் எடுப்பாய் என்று பயந்தேன். பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நினைத்தேன். உன் அம்மா எப்போதும்போல வீட்டு வேலையைப் பார்த்தாள். பாம்படத்தை மட்டும் அடிக்கடி கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு நாள் காலையில் அவளும் வள்ளியும் கிளம்பிப் போனார்கள். கோயிலுக்கு என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் வந்து இறங்கியபோது உன் அம்மாவின் இரண்டு காதிலும் பஞ்சும் துணிக்கட்டும். முந்தானையில் ரத்தம் சொட்டிக் காய்ந்திருந்தது. “என்ன ஏளா இது?” என்று கத்தினேன். திண்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு நிதானமாகச் சொன்னாள். “மிஷன் ஆஸ்பத்திரியில காத அறுத்துத் தச்சிட்டு வாரேன். தொங்குததெல்லாம் போயிட்டு. இனி இதப் பாத்து யாரும் மூளின்னு சொல்ல முடியாது. தொளையே இல்லல்லா.” பள்ளிக்கூடத்துக்குப் போகிற சின்னப் பெண்கள் நாகரிகத்துக்காகச் செய்துகொள்வதை இந்த வயதில் இவள் செய்துகொண்டாள். மருந்து வாசனையோடு எத்தனையோ நாள் படுத்துக் கிடந்தாள், சோற்றை மெல்லக்கூட வாய் திறக்க வரவில்லை. ஆறின பிறகு தட்டானைக் கூப்பிட்டுப் புதிதாக ஊசித் துளை குத்திக்கொண்டு, பாம்படத்தை உருக்கக் கொடுத்தாள். தனக்குச் சின்னதாக ஒரு சிவப்புக்கல் கம்மல், மிச்சம் வள்ளி கழுத்துக்கு. அத்தை போய்ச் சமாதானம் பேசி, பெரியப்பாவை மறுபடியும் கூட்டிவந்தாள். அவர் உன் அம்மாவைப் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். எந்தக் காதைக் காட்டி அவர் குறை சொல்வார்? “நாகரிகமா இருக்கு மயினி” என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றார். தை மாதம் கல்யாணம். உன் அம்மா மணையில் நிற்கிறாள், அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள்.

ஆகையால் பம்பாய்க்காரர்களுக்கு எழுதிவிடு, நீ கேட்ட காது இப்போது இல்லை. எந்த வெளிச்சத்தில் தேடினாலும் கிடைக்காது. உனக்கு அது நல்ல சாமான், அவ்வளவுதான். எனக்கு என்ன போயிற்று என்று சொல்கிறேன், இதையும் பத்திரிகைக்காரர்கள் போடட்டும், எனக்கு வெட்கம் இல்லை. உன் அம்மா கோபத்தில் வெடுக்கென்று முகத்தைத் திருப்பினால், தலை நின்ற பிறகும் பாம்படம் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருக்கும். அது ஆடி நிற்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். நின்றபின் பேசினால் சண்டை வளராது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் நாங்கள் குடித்தனம் நடத்தினோம். இப்போது அவள் திரும்பினால் எப்போது பேசலாம் என்று எனக்குத் தெரியவில்லை, தப்பான நேரத்தில் பேசி வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். ஊரெல்லாம் முகம் எடுத்தாயே, பாம்படத்தோடு அவளை ஒரு படம் எடுத்தாயா? தேடிப் பார்த்துவிட்டேன், ஒன்று இல்லை. அந்தக் காதுக்கு இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒரு படம், அதில் நான் செத்துக் கிடக்கிறேன்.

கல்யாணத்துக்கு வா. வராமல் இருந்துவிடலாம் என்று நினைக்காதே, வந்தால்தான் என்னால் நேரில் திட்ட முடியும். காமிராவை மெட்ராஸிலேயே வைத்துவிட்டு வா. படம் எடுக்க பஜார் ஸ்டூடியோக்காரரைச் சொல்லியாகிவிட்டது. நீ எங்களோடு நிற்க வேண்டும், அம்மாவுக்குப் பக்கத்தில். அவர் நிமிரச் சொன்னால் நிமிர வேண்டும், மூச்சைப் பிடிக்கச் சொன்னால் பிடிக்க வேண்டும். துண்டைக் கழற்றச் சொன்னால் கழற்ற வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. கையோடு பெரியதாழைக்காரர் பிரதியையும் கொண்டு வா. அதை நீயே பஸ் ஏறிப் போய் அவர் கையில் கொடுக்கிறாய்.

கடைசியாக அந்தக் ‘கைம்பெண்’. அதன் நெகட்டிவைக் கொண்டுவரச் சொல்லி, உன் கண் முன்னாலேயே அடுப்பில் போடப்போகிறேன் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்ற உன் அம்மா விடவில்லை. பத்திரிகையை எடுத்து வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் எழுத்தைப் பார்க்கவில்லை, காதைத்தான் பார்த்தாள். “நல்லாத்தான் எடுத்திருக்கான்” என்றாள். “எரிக்கண்டாம். பெருசாப் போட்டுக் கொண்டாரச் சொல்லுங்க. இங்கன மாட்டுங்க, மொகத்தச் செவுத்துப் பக்கமாத் திருப்பி. நீங்க போனப்புறம் நான் இந்தப் பக்கமாத் திருப்பிக்கிடுதேன். அப்ப அது பொய்யில்லல்லா.” நான்தான் முதலில் போவேன் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். “அதான் புஸ்தகத்துலயே போட்டுட்டானே” என்றாள். கம்மல் ஆடவில்லை. அவளுக்குக் கோபமா, சிரிப்பா என்று எனக்கு இன்னமும் தெரியாது.

ஆணி அடித்துவிட்டேன். கண்ணாடிச் சட்டம் போட்டே கொண்டு வா. முதுகுக்கு மட்டமான அட்டை போட்டு ஏமாற்றாதே, நல்லதாகப் பார்த்துப் போடு. நான் இருக்கிற வரைக்கும் தினமும் நான் பார்க்கப்போவது அதைத்தான்.

இப்படிக்கு,
இன்னும் சாகாத
உன் அப்பா